எதிர்ப்பு சக்திக்காரி மெலித்தும் மூக்கொழுகும் கலோயும்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்து மோலோ பகுதியில் யாரை நிறுத்தி "ஜும்பா மெலித் வீடு எது?" என்று கேட்டாலும், கையை நீட்டி வழி காட்டுவதற்கு முன்னால் ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். ஹெர்மெலிதா பல்மாரெஸ் என்ற முழுப்பெயர் அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழில் மட்டும் இருக்கிறது. ஊர் சிரிப்பதில் மெலித்துக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. "கண்ணாடி முன்னாடி நின்னா எனக்கே சிரிப்பு வருது, அவங்க சிரிச்சா என்ன?" என்பாள். ஆனால் இந்தப் பெருந்தன்மை பிறகு வந்தது. தொற்றுக் காலத்துக்கு முன்பு யாராவது அவளைப் பார்த்துச் சிரித்திருந்தால், வீடு வரை துரத்திப் போய் ஒரு டம்ளர் பச்சைச் சாறு குடிக்க வைத்திருப்பாள்.

அந்தச் சாறு அவளுடைய சொந்தத் தயாரிப்பு. முருங்கை இலை, இஞ்சி, மஞ்சள், கலமன்சி எலுமிச்சை எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து வடிகட்டாமல் குடிக்க வேண்டும். பார்க்கக் குளத்துப் பாசியைக் கடைந்தது போல இருக்கும், குடித்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். காலையில் அதைக் குடித்துவிட்டு, தெருமுனைக் கூடைப்பந்து மைதானத்தில் ஒலிபெருக்கியை அலறவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களை ஜும்பா என்ற உடற்பயிற்சி ஆட்டம் ஆட வைப்பது அவள் வேலை. ஒலிபெருக்கி கெட்டுப்போன நாட்களிலும் வகுப்பு நிற்காது. அவள் தொண்டையே போதும்.

தனக்குச் சளி பிடித்ததே இல்லை என்பது மெலித்தின் பெரிய பெருமை. "கடைசியா எனக்குக் காய்ச்சல் வந்தது என் கல்யாணத்தன்னைக்கு. அதுகூட பயத்துல வந்தது" என்பாள். கணவன் ரொமுலோ சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன், வருடத்தில் பெரும்பகுதி கடலில்தான் இருப்பான். அவன் கரைக்கு வரும்போதெல்லாம் தும்மிக்கொண்டேதான் வருவான். மகன் கலோய் அப்பாவைக் கொண்டு பிறந்தவன் என்று மெலித் முடிவு கட்டியிருந்தாள். ஆறு வயதுப் பையன், மூங்கில் குச்சி மாதிரி உடம்பு. பாலர் பள்ளிக்குப் போன காலத்தில் மழை, வெயில் என்று பார்க்காமல் அவனுக்கு மூக்கு ஒழுகும். அவள் சட்டைத் தோளில் எப்போதும் ஒரு காய்ந்த கோடு இருக்கும், அது கலோயின் மூக்கிலிருந்து வந்தது. "என் எதிர்ப்பு சக்தியில் பாதியாவது இவனுக்கு வந்திருக்கக் கூடாதா?" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் அங்கலாய்ப்பாள்.

ஊரடங்கு வந்ததும் மைதானத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். மெலித் அசரவில்லை. கூடத்தில் நாற்காலிமேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து ஃபேஸ்புக் நேரலையில் இறங்கிவிட்டாள்.

"கையைத் தூக்குங்க! வெள்ளை அணுக்களை எழுப்புங்க! இடுப்பைச் சுத்துங்க, நல்லாச் சுத்துங்க! எதிர்ப்பு சக்தி ஏறுது, ஏறுது, ஏறுது!"

இடுப்பைச் சுற்றினால் வெள்ளை அணுக்கள் எழும்பும் என்று எங்கே படித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், கூடக்கூட அவளுக்கு மருத்துவ ஞானமும் கூடியது. எதிர்வீட்டில் பெட்டிக்கடை வைத்திருந்த மானாங் பெபாங்குக்கு மட்டும் இதில் நம்பிக்கை வரவில்லை. தெருவே அக்கா முறை வைத்து மானாங் என்று கூப்பிடுகிற பெரிய மனுஷி அவள். நாற்காலியிலிருந்து குளிர்பெட்டிவரை நடப்பதுதான் அவளுடைய ஒரே உடற்பயிற்சி. பன்றித்தோல் வறுவலைக் கொறித்துக்கொண்டே, சின்னவளை அழைக்கும் ‘இந்தாய்’ என்ற செல்லப் பேரோடு கம்பி ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பாள்.

"ஏண்டி இந்தாய், நீ இடுப்பை ஆட்டினா வைரஸ் மயங்கி விழுந்திடுமா?"

"நீங்க ஆட்டினா விழாது மானாங். நான் ஆட்டினா விழும்."

"வைரஸ் விழுமோ என்னமோ, உன் வீட்டுச் சுவர்ல மாட்டியிருக்கிற படமெல்லாம் விழுது. எனக்கு இங்க சத்தம் கேக்குது."

கலோயின் நிலைமைதான் மோசம். பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. பெரியவர்கள் சந்தைக்குப் போகலாம், பிள்ளைகள் வாசல்படி தாண்டக் கூடாது. மெலித் அந்த உத்தரவுக்கு மேலேயும் நாலு உத்தரவு போட்டாள். வீட்டுக்குள்ளேயே அவனுக்கு முகக்கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் தகடு. ஜன்னல் கம்பியைத் தொட்டால் கையில் ஆல்கஹால் தெளிப்பாள். பையன் அந்தத் தகட்டுக்குள்ளிருந்து, தெருவில் போகும் நாய்களைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தான். முதல் வகுப்பைக் கைப்பேசியிலேயே படித்தான். வேறு பிள்ளைகளைப் பார்க்காததால் அவன் மூக்குகூடக் காய்ந்துபோயிருந்தது. அதையும் மெலித் தன் சாற்றின் கணக்கில் எழுதிக்கொண்டாள். உண்மையில் அந்தச் சாறு தினமும் குளியலறைச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இது அவளுக்குப் பின்னாலேதான் தெரிந்தது. "எங்க தெரு எலிகளுக்கு நல்ல எதிர்ப்பு சக்தி இருந்திருக்கும்" என்று இப்போது சொல்கிறாள்.

தடுப்பூசி வந்தது. வயதானவர்களுக்கு முதல் வரிசை. மானாங் பெபாங் போட்டுக்கொண்டு வந்து, கையில் ஒட்டியிருந்த பஞ்சை இரண்டு நாள் எடுக்காமல் எல்லாருக்கும் காட்டினாள். மற்றவர்கள் முறை வந்தபோது மெலித் போகவில்லை.

"பலவீனமானவங்க போட்டுக்கட்டும். எனக்கு இயற்கையாவே இருக்கு" என்றாள். அதை நேரலையிலும் சொன்னாள். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. யாரும் கேட்காவிட்டாலும் அவளே தேடியெடுத்துக் காட்டுவாள். "இந்த மூஞ்சியைப் பாருங்க. எவ்வளவு நிச்சயமா பேசுது பாருங்க."

கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்ததும் மைதானத்தைத் திறந்தார்கள். தள்ளித் தள்ளி நின்று ஆடலாம், முகக்கவசம் கட்டாயம். ஆனால் முகக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. மெலித் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கத்தினாள். முன்வரிசைப் பெண்கள் மூச்சு வாங்க வாங்கக் கிட்டே வந்து சந்தேகம் கேட்டார்கள். இரண்டொரு நாளில் அவளுக்குத் தொண்டை கரகரத்தது. கத்தியதால் என்று நினைத்தாள்.

அடுத்து கலோய் தும்மினான். உடம்பு லேசாகச் சுட்டது, மூக்கு பழையபடி ஒழுகியது. மெலித் வீட்டை இரண்டாக்கினாள்.

"ஜன்னல்கிட்ட நிக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? பார், வாங்கிட்டு வந்துட்டே! இப்ப எனக்கும் குடுக்கப் போறே!"

"நான் எங்கயும் போகலையே, நானாய்." நானாய் என்றால் அவர்கள் பேச்சில் அம்மா.

"காத்துல வந்திருக்கும்."

பையனைத் திரைக்குப் பின்னால் தள்ளி, சாப்பாட்டுத் தட்டை ஒரு துடைப்பத்தால் நகர்த்தி அனுப்பினாள். மறுநாள் காலையிலேயே கலோய்க்குச் சூடு இறங்கிவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.

அன்றைக்கு மெலித் வழக்கம்போலப் பச்சைச் சாறு குடித்தாள். முதல் தடவையாக அது நன்றாக இருந்தது. இன்னொரு டம்ளர் குடித்தாள், அதுவும் நன்றாக இருந்தது. உடனே நேரலையைத் திறந்து, "மக்களே, இன்னைக்குப் பக்குவம் சரியா வந்திருக்கு. கொஞ்சம்கூடக் கசக்கலை!" என்று அறிவித்துக்கொண்டிருந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நானாய், கருவாடு கருகுது."

"கருகினா எனக்கு வாசனை வராதா?"

"வீடெல்லாம் புகையா இருக்கு, நானாய்."

திரும்பிப் பார்த்தாள். உண்மையிலேயே புகை. வாசனை மட்டும் துளிகூட வரவில்லை. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகம் மாறியதை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பரிசோதனையில் அவளுக்குத் தொற்று என்று வந்தது, கலோய்க்கு இல்லை என்று வந்தது. மெலித்துக்கு அவமானமாகிவிட்டது. "மாத்திப் படிச்சிருப்பாங்க. தும்மினவன் அவன்" என்று சுகாதாரப் பணியாளரிடம் வாதாடினாள். அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவிலிருந்து டாக்டர் ஐரீஸ் என்ற இளம்பெண் கைப்பேசியில் பேசினாள். ஒரே வீட்டில் இருக்கும் பெரியவர்களும் பிள்ளைகளும் இந்தக் கிருமியை எப்படி எதிர்க்கிறார்கள் என்று பார்க்கிறோம், இரண்டு பேரிடமும் ரத்தமும் மூக்குத் துடைப்பும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

மெலித் உடனே சம்மதித்தாள். கப்பலிலிருந்து காணொளியில் வந்த ரொமுலோவை ‘பாங்கா’ என்று கொஞ்சிச் சொன்னாள்: "என் உடம்பை ஆராயணுமாம், பாங்கா. இவ்வளவு பேர் இருக்கையில என்னைத் தேடி வந்திருக்காங்கன்னா பார்த்துக்கோ."

"பையனைத் தேடி வந்திருப்பாங்களோ?"

"அவன்கிட்ட என்ன இருக்கு? சளிதான் இருக்கு."

வெள்ளை உடையில் வந்த செவிலியிடம் கையை நீட்டி, "என் ரத்தம் கொஞ்சம் கெட்டியா இருக்கும், பயந்துடாதீங்க" என்றாள். ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆண்டவரைக் கூப்பிட்டாள். கலோய் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, செவிலியின் கண்ணாடிமேல் படிந்த ஆவியில் விரலால் ஒரு மீன் வரைந்தான்.

முதல் சில நாட்கள் மெலித் படுத்துக்கொண்டே பேசினாள். பிறகு பேச்சு குறைந்தது. நோய் ஒரு வாரத்தைத் தாண்டிய பிறகு, எழுந்து கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு முழு வகுப்பு ஆடியதுபோல மூச்சு வாங்கியது. விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் அளக்கும் கருவி காட்டிய எண்ணை மானாங் பெபாங் ஜன்னல் வழியாகப் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"கலோய்?" என்றாள் மெலித். ஒரு சொல்லுக்குத்தான் மூச்சு இருந்தது.

"என்கூட இருக்கட்டும். எனக்கு ரெண்டு ஊசியும் போட்டாச்சு. நீ வாயை மூடிட்டு மூச்சு விடு."

வாயை மூடிக்கொண்டு எப்படி மூச்சு விடுவது என்று கேட்க நினைத்தாள், முடியவில்லை. ஊருக்கு அது புதிய அனுபவம்.

மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள், நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள். டாக்டர் ஐரீஸும் அதே வார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பேச முடிந்ததும் மெலித் கேட்டாள்: "இது எதிர்ப்பு சக்தியை ஏத்துற மருந்தா, டாக்டோரா?"

"இல்லை மானாங். இறக்குற மருந்து."

மெலித் தப்பாகக் காதில் விழுந்தது என்று நினைத்தாள். "என்னது?"

"உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைச்சலா இருக்குங்கிறது பிரச்சினை இல்லை. கிருமி இப்ப குறைஞ்சுக்கிட்டுதான் வருது. உங்க உடம்புதான் அடியை நிறுத்த மாட்டேங்குது. யாரை அடிக்கிறோம்னு தெரியாம நுரையீரலையே போட்டு அடிக்குது. அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கத்தான் இந்த ஸ்டீராய்டு."

மெலித் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பல வருடமாக ஊரையே கூட்டி ஏற்று, ஏற்று என்று கத்தியதை, பணமும் மருந்தும் செலவழித்து இங்கே இறக்குகிறார்கள்.

"முருங்கைச் சாறு ஊத்தி வளர்த்தேன், டாக்டோரா. என்னையே கடிக்குதே."

டாக்டருக்குக் கவசத்துக்குள் சிரிப்பு வந்தது. "சாறு மேல பழி போடாதீங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. முருங்கை நல்ல கீரை. சூப்புல போட்டுச் சாப்பிடுங்க, போதும்."

பக்கத்துப் படுக்கையில் அரேவலோ பகுதியிலிருந்து வந்த ஒரு மீன்காரி இருந்தாள். மெலித்தின் நேரலையை அவளும் பார்த்திருந்தாள். "உங்க ஆட்டத்தைப் பார்த்துத்தான் நானும் ஊசி போடாம இருந்தேன்" என்று குற்றம் சொல்லாமல், சாதாரணமாக, ஒரே ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வதுபோலச் சொன்னாள். ஒருநாள் காலையில் மெலித் கண் விழித்தபோது அந்தப் படுக்கையில் புது விரிப்புப் போட்டிருந்தது. கேட்டதற்குச் செவிலி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அன்று முழுவதும் மெலித் யாரிடமும் வேடிக்கை பேசவில்லை. அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவள் இன்றுவரை சிரித்துச் சொல்வதில்லை.

வீடு திரும்பியபோது துணி காயப்போடும் கொடி மாதிரி இளைத்திருந்தாள். கலோயோ மானாங் பெபாங்கின் கடையில் தின்று கன்னம் உப்பியிருந்தான். உடனடி நூடுல்ஸ், மீன் சிப்ஸ், சர்க்கரை போட்ட குளிர்பானம், தாய் தடை செய்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சாப்பிட்டிருந்தான்.

"இவனுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்றாள் மெலித்.

"ஆச்சு. என் கடைக்குத்தான் நஷ்டம் ஆச்சு" என்றாள் மானாங் பெபாங்.

சில மாதங்கள் கழித்து டாக்டர் ஐரீஸ் முடிவுகளைச் சொல்ல வீட்டுக்கு வந்தாள். மெலித் நல்ல சட்டை போட்டு, உதட்டுச் சாயம் பூசி உட்கார்ந்தாள். தன் உடம்பைப் பற்றி டாக்டர் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்ளத் தயார் என்ற முகம். மானாங் பெபாங் கேட்க வேண்டியவளே இல்லை, ஆனாலும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"முதல்ல கலோய்க்கு ஒரு நன்றி. அவன் மூக்குலேருந்து எடுத்தது எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு" என்றாள் டாக்டர்.

"மூக்குலேருந்தா?" மெலித்தின் முகம் விழுந்தது. "என்னோடது?"

"உங்களோடதும் உதவிச்சு. ஒப்பிட்டுப் பார்க்க."

மானாங் பெபாங் முந்தானை இல்லாத குறைக்குக் கைவிசிறியால் வாயை மூடிக்கொண்டாள்.

கலோய்க்கும் தொற்று வந்துதான் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னாள். பரிசோதனையில் பிடிபடும் அளவுக்குக் கிருமியை அவன் உடம்பு பெருக விடவில்லை, அவ்வளவுதான். கிருமி வந்து போன தடம் மட்டும் அவன் மூக்கில் இருந்த அணுக்களில் தெரிந்தது.

"நம்ம ஊர்ல நெருக்கமா வீடு இருக்கிற தெருவுல தீப்பிடிச்சா என்ன ஆகும், மானாங்?" என்று கேட்டாள் டாக்டர்.

"பக்கத்து வீட்டுக்காரங்க வாளியோட ஓடி வருவாங்க."

"பிள்ளைங்களோட மூக்கு அந்த மாதிரி. புகை வாசனை வந்ததுமே ஓடி வர்ற அணுக்கள் அங்க ஏற்கெனவே விழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. எரியறது என்னன்னு அதுங்க விசாரிக்கிறதில்லை, எதுவா இருந்தாலும் தண்ணியை ஊத்திடும். உங்க வயசுல அந்த ஆட்கள் அவ்வளவு சுறுசுறுப்பா இருக்கிறதில்லை. நாமெல்லாம் பழைய அனுபவத்தை நம்பிப் பிழைக்கிறவங்க. முன்னாடி பார்த்த கிருமின்னா ஆள் பார்த்து அடிப்போம். இது யாருமே பார்த்திராத கிருமி. சேதி போய்த் தீயணைப்பு வண்டி கிளம்பறதுக்குள்ள பாதி வீடு எரிஞ்சுடுச்சு. அப்புறம் வண்டி வந்து…"

"நெருப்பை அணைச்சுட்டு, டிவி, மெத்தை எல்லாத்தையும் நனைச்சு நாசம் பண்ணிட்டுப் போயிடுச்சு" என்று மெலித்தே முடித்தாள். "சைரன் மட்டும் நல்லாப் பலமா அடிச்சுது."

"நேரலைல அடிச்சுது" என்றாள் மானாங் பெபாங்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படித் தப்பிவிடுவதில்லை என்று டாக்டர் எச்சரித்தாள். சில பிள்ளைகளுக்குத் தொற்று போன பிறகு உடம்பு முழுக்க அழற்சி வந்து மோசமாகியிருக்கிறது, அவளே அப்படிச் சிலரைக் கவனித்திருக்கிறாள். அடிக்கடி வரும் சளிதான் மூக்கைத் தயாராக வைத்திருக்கிறதா என்பதும் இன்னும் உறுதியாகத் தெரியாது. அதைச் சொல்வதற்குள் மெலித் தன் சட்டைத் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இத்தனை காலம் கழுவிக் கழுவிச் சலித்துக்கொண்ட அந்தச் சளிக்கோடு, சாமி தந்த காவல்காரனோ என்னவோ.

பிறகு, கேட்காமல் விட்டிருக்கலாம் என்று அவளே பின்னால் சொன்ன கேள்வியைக் கேட்டாள். "எனக்குக் கலோய்தானே குடுத்தான், டாக்டோரா?"

டாக்டர் தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். "அவன் தும்மறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தொண்டை கரகரத்ததுன்னு முதல் நாளே சொன்னீங்க. அவன் வாசல்படி தாண்டலை. நீங்க மைதானத்துக்குப் போனீங்க."

மானாங் பெபாங்கூட எதையும் சொல்லவில்லை. அதுதான் மெலித்துக்கு ரொம்பச் சுட்டது.

மூலையில் முகக்கவசத்தோடும் பிளாஸ்டிக் தகட்டோடும் உட்கார்ந்து கலோய் படம் வரைந்துகொண்டிருந்தான். மெலித் எழுந்து போய் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தகட்டைக் கழற்றி ஓரமாக வைத்து, பையனைச் செல்லமாகத் தோதோ என்று கூப்பிட்டாள்.

"தோதோ, உன்னை நான் திட்டினேன் இல்ல, வாங்கிட்டு வந்துட்டேன்னு? நீ வாங்கிட்டு வரலைடா. நான்தான் கொண்டாந்தேன். தப்பா உனக்குத் துடைப்பத்தால சோறு தள்ளிவிட்டுட்டேன்."

கலோய் யோசித்தான். "அப்ப நான் மீன் சிப்ஸ் சாப்பிடலாமா?"

"சாப்பிடு."

"தினமுமா?"

"இவன் டாக்டரைவிட மோசமா இருக்கானே" என்று மெலித் அழுதுகொண்டே சிரித்தாள்.

டாக்டர் கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். கலோயின் தீ சீக்கிரம் அணைந்ததால் அவன் உடம்பு அதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளவில்லை, ஞாபகம் மெல்லிசாகத்தான் இருக்கிறது. மெலித்தின் ரத்தத்தில் அந்த ஞாபகம் நன்றாகப் பதிந்திருக்கிறது.

"அப்ப ஒரு பாடத்துலயாவது நான் அவனைவிட அதிக மார்க்!" என்று மெலித் கையைத் தட்டினாள்.

"ஆமாம். ஆனா அந்த மார்க்கை இப்படி அடிபட்டு வாங்கத் தேவையே இல்லை. ஊசி போட்டாலே கிடைக்கும்."

"இவ வீணா ஆம்புலன்ஸ்ல போய் வாங்கியிருக்கா" என்றாள் மானாங் பெபாங்.

மறுநாள் மெலித் நேரலையைத் திறந்தாள். உடம்பில் இன்னும் தெம்பு வரவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினாள். இடுப்பும் சுற்றவில்லை. முதலில் தன் பழைய பதிவை ஓடவிட்டுக் காட்டினாள். பிறகு கருவாடு, ஆம்புலன்ஸ், இறக்குகிற மருந்து, மூக்கு ஒப்பீடு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். மீன்காரியைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் நிறுத்தி, சற்று நேரம் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். திரும்ப எடுத்தபோது, "நான் சொன்னதைக் கேட்டு ஊசி போடாம இருக்கிறவங்க யார் யாரோ, கிளம்பி வாங்க. நானும் வரேன். நான் முன்னாடி நிக்கிறேன், எனக்கு ஊசின்னா பயம், யாராவது கையைப் பிடிச்சுக்கணும்" என்றாள். அவள் எத்தனையோ வருடம் ஆடியதைப் பார்த்தவர்களைவிட, அன்றைக்கு உட்கார்ந்து பேசியதைப் பார்த்தவர்கள் அதிகம். நோய் தெளிந்தவர்களுக்குச் சொல்லியிருந்த இடைவெளி முடிந்ததும், முன்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் அவளோடு போய் நின்றார்கள். ஊசி ஏறும்போது மெலித் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் போகப் பார்த்தார்கள். அவர்களை மானாங் பெபாங் பிடித்து நிறுத்தினாள்.

அடுத்த அலை புது வருடத்தோடு வந்தது. கலோய் மறுபடி தும்மினான், ஒருநாள் சுட்டது, மறுநாள் சோறு கேட்டான். டாக்டர் சொன்னதுபோல அவன் உடம்பு அந்த விருந்தாளியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, ஆனாலும் வாளித் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டது. மெலித்துக்குத் தொண்டை மட்டும் கொஞ்சம் வலித்தது. சின்னப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி வந்தபோது முதல் வாரத்திலேயே அவனைக் கூட்டிப் போனாள். கை வலிக்கிறது என்று அவன் சாயங்காலம்வரை ஐஸ்கிரீமாகச் சம்பாதித்துக்கொண்டான்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அடைந்து கிடந்த பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவர்மேல் ஒருவர் தும்மித் தீர்த்துக்கொண்டார்கள். முதல் வாரத்திலேயே கலோய் மூக்கொழுக வீட்டுக்கு வந்தான். பையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தெருவுக்கு ஓடினான். மெலித் படுத்துவிட்டாள்.

ரொமுலோ காணொளியில் பதறிப்போய்க் கேட்டான். "மறுபடியுமா, பாங்கா? பரிசோதனை பண்ணினியா?"

"பண்ணினேன், அது இல்லை. பேர்கூட இல்லாத வெறும் சளி. அதுக்கே நான் எழுந்திருக்க முடியாமக் கிடக்கிறேன்."

"கலோய்?"

மெலித் கைப்பேசியை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள். வெளியே மழை பெய்து ஓய்ந்த தெருவில் கலோய் முழங்கால்வரை சேற்றோடு நாலு பையன்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். ஓட்டத்திலேயே மூக்கைக் கையால் வழித்துச் சட்டையில் துடைத்தான்.

"பார்த்தியா, இந்த எதிர்ப்பு சக்தி எங்கிட்டேருந்துதான் வந்திருக்கு" என்றாள் மெலித், மூக்கைச் சிந்திக்கொண்டே.